செருப்பைத் திருப்பி வைக்கிற அக்கா

அந்த அக்கா வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், வாசலில் நாம் கழற்றிப் போட்ட செருப்பு பாதையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, காலை நுழைத்தால் அப்படியே நடந்துவிடலாம் என்கிற மாதிரி வைத்திருப்பாள். "கெளம்புட்டி, இருட்டப் போவுது" என்பாள். நம் வாயில் மீன்குழம்பின் காரம்கூட அடங்கியிருக்காது. முதல் தடவை எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வலியக் கூப்பிட்டுச் சோறும் போட்டுவிட்டு இப்படி விரட்டுகிற மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை.

அது ஹட் பே, கடல் நடுவே ஒரு தீவு ஊர். சுனாமி வந்துபோய் ஒரு வருஷம் கழிந்திருந்தது. கப்பல் டிக்கெட் கவுண்டரில் எனக்கு வேலை கிடைத்து, வேறொரு தீவில், சிப்பிகாட்டில் அப்பா அம்மா நிழலில் இருந்தவளை ஒரு பெட்டியோடு கப்பலேற்றி விட்டார்கள். அலைத் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்ததால் துறைமுக ஜெட்டியை நெருங்குவதற்குள் கப்பல் ஆடிய ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. வீடு போனவர்களுக்காக அரசாங்கம் மேட்டில் வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகை போட்டிருந்தது. ஷெல்டர் என்பார்கள். எங்கள் ஆபீஸ் குவார்ட்டர்ஸும் கடலோடு போயிருந்ததால் எனக்கும் அதிலேயே ஓர் அறை. கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் நான் அழுவது எனக்கே கேட்கவில்லை. ஆனால் அக்காவுக்குக் கேட்டிருக்கிறது.

"உள்ள யாருட்டி? புதுசா வந்த பிள்ளையா?"

"ஆமாங்க."

"சாப்ட்டியா?"

"பசிக்கலைங்க."

"பசிக்காதவ குரலா இது? எந்திரிச்சு வா."

அவள் அறை எனக்கு இரண்டு தகரம் தள்ளி. போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. ரோடு போடுகிற ராஞ்சிக்காரர்கள் இரண்டு பேர், பிள்ளையோடு ஒரு நிக்கோபாரிப் பெண், மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அதன்பின் யாரிடமும் வாய் திறக்காத தெலுங்கு மீன்காரர் ஒருவர். இவர்கள் யாரும் ஒருவருக்கொருவர் உறவில்லை, சிநேகிதமும் இல்லை. தனியாகச் சாப்பிட உட்கார்கிற ஆள் ஊரில் எங்கே இருந்தாலும் அக்காவுக்கு மூக்கு வியர்த்துவிடும்; போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவாள். இத்தனைக்கும் எல்லோரையும் போல அவளும் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிறவள்தான்.

சோற்றைப் போட்டதும் சாப்பிட விடமாட்டாள். ஜெபம் பண்ண வேண்டும். எனக்காகத் தமிழில், ராஞ்சிக்காரர்களுக்காக இந்தியில், தெலுங்குக்காரருக்காக இரண்டையும் குழப்பி அவளாகச் செய்துகொண்ட ஒரு பாஷையில். ஆண்டவருக்கு எல்லாம் விளங்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. எங்களுக்குச் சோறு ஆறும். நான் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தாலும் என் பெயரையும் சேர்த்துக்கொள்வாள். முடிவு மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "இவங்க எல்லாரையும் பொழுது சாயுமுன்னே அவங்கவங்க எடத்துல பத்திரமாய்க் கொண்டுபோய்ச் சேரும், ஆமென்." கண்ணைத் திறந்ததும் "அள்ளிச் சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று அவசரப்படுத்துவாள். சாப்பிட்டு முடித்தால் வாசலில் செருப்பு திரும்பியிருக்கும்.

காரணம் தெரிய எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. தகரச் சுவருக்குள் எந்தச் சங்கதியும் தங்காது.

அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லாரி டிரைவர். பிள்ளைகள் இல்லை. கடலோரம் பஜாரை ஒட்டி மரவீடு. அந்த நாளில் அக்காவுக்கு நேர்மாறான பெயர். அவள் வீட்டுக்குள் நுழைந்தவர் லேசில் வெளியே வர முடியாது. சாப்பிட்டு எழுந்தால் செருப்பைக் காணோம். விறகுக்குப் பின்னால், கூரைச் சந்தில், கோழிக்கூட்டில் என்று எங்காவது ஒளித்து வைத்திருப்பாள். "இருந்துட்டுக் காலைல போங்க" என்பாள். கிறிஸ்துமஸ் வந்தால் கேட்கவே வேண்டாம். அன்று ராத்திரி அவள் வீட்டில் யாராவது தங்கியே ஆக வேண்டும். விருந்தாளி தூங்காத வீட்டில் கிறிஸ்துமஸ் நடந்ததாக அவள் கணக்கு வைப்பதில்லை. எங்கள் ஷெல்டர் வரிசையில் எல்லோரும் ஒருதரமாவது செருப்பைத் தொலைத்துவிட்டு அங்கே தங்கியவர்கள்தான். அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் தொடங்குவார்கள்.

ஹட் பேயில் ஊர்ப் பெயரைவிட, ஜெட்டியிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்பதுதான் விலாசம். பதினாறாம் கிலோமீட்டரில், காட்டை ஒட்டி, காய்கறி போடுகிற ஒரு பெங்காலிக் குடும்பம் இருந்தது. கணவன், மனைவி, ஒரு மகள். அந்தக் கணவரைத்தான் எல்லோரும் தாதா என்பார்கள், அண்ணன் என்று அர்த்தம். அவர்களுக்கு அக்கா தீதீ. சுனாமிக்கு முந்தின நாள், அந்தக் கிறிஸ்துமஸுக்கு மூவரும் வந்தார்கள். சாயங்காலம் கடைசி ஜீப் ஹாரன் அடித்தது. அக்கா தாயின் செருப்பையும் மகளின் செருப்பையும் கோழிக்கூட்டுக்குள் தள்ளிவிட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்று தாதா மட்டும் ஜீப்பில் போனார். மற்ற இருவரும் தங்கினார்கள்.

மறுநாள் காலை நிலம் ஆடியது. எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். ஆட்டம் நின்றதும், வேதக்கோயில் சுவர் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அக்கா மேட்டுக்கு ஓடினாள். "நீங்க போங்க தீதீ, நான் டீ போட்டு வைக்கிறேன்" என்றாளாம் தாதாவின் மனைவி. மேட்டில் நின்று அக்கா திரும்பிப் பார்த்தபோது அவள் வீடும் இல்லை, பஜாரும் இல்லை.

புருஷனும் அந்த வீட்டில்தான் இருந்தார். அவரைப் பற்றி அக்கா தாராளமாகப் பேசுவாள், அழுவாள், அவருடைய குறட்டையைக் கிண்டல்கூடச் செய்வாள். அந்தத் தாயையும் மகளையும் பற்றிப் பேச்செடுத்தால்தான் குரல் உள்ளே போய்விடும். "பதினாறாம் கிலோமீட்டருக்குத் தண்ணி வரவே இல்லட்டி" என்பாள்.

அதன்பின் யாரையும் ஒரு ராத்திரிகூடத் தங்கச் சொன்னதில்லை. சோற்றை மட்டும் நிறுத்தவில்லை.

கோயிலில் பாஸ்டர் அவளைச் சாட்சி சொல்ல எழுப்பிவிட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் என்றால் அப்போது அதுவும் தகரம்தான். ஒரே பாட்டை நிக்கோபாரியிலும் இந்தியிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் பாடுவார்கள். வேடிக்கை பார்க்க நானும் கடைசிப் பெஞ்சில் போய் உட்காருவதுண்டு. தேவன் உங்களை எதற்காகக் காப்பாற்றினார் என்று சபைக்குச் சொல்லுங்கள் என்றார் பாஸ்டர். அக்கா எழுந்து நின்றாள். "எனக்குத் தெரியல ஐயா. சோறு போடச் சொன்னாரு, போடுதேன். அதுக்கு மேல அவரும் கேக்கப்படாது, நானும் சொல்ல மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். பாஸ்டர் அவசரமாகப் பாட்டு நம்பரைச் சொன்னார்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு அம்மை போட்டது. கப்பல் இல்லை, சிப்பிகாட்டிலிருந்து அம்மா வர வழியில்லை. ஹெலிகாப்டரில் இதை வைத்துக்கொண்டு யார் ஏற்றுவார்கள்? ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, அறையை விட்டு வெளியே வராதே என்று அனுப்பிவிட்டார்கள். வரிசையே கதவைச் சாத்திக்கொண்டது. குற்றம் சொல்ல முடியாது, எல்லார் வீட்டிலும் பிள்ளைகள். டிக்கெட் கவுண்டரில் தினமும் என்னோடு சண்டை போட்ட சனங்கள் ஒரு பத்து நிமிஷம் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனால் தேவலை என்றிருந்தது.

அக்கா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கை நிறைய வேப்பிலையோடு வந்து நின்றாள்.

"எனக்குச் சின்னதுலயே வந்து போயிருச்சு. நவுரு" என்று உள்ளே வந்துவிட்டாள். வேப்பமரம் அங்கே அபூர்வம். ஊர்க்கோடியில் யாரோ வைத்த ஒற்றை மரத்துக்கு மழையில் நடந்து போயிருக்கிறாள். வரும் வழியில் சபைப் பெண் ஒருத்தி, "என்னக்கா, இப்ப வேப்பிலை எடுக்க ஆரம்பிச்சாச்சா?" என்று குத்தலாகக் கேட்டிருக்கிறாள். "பிள்ளைக்கு அரிக்குல்லா, தடவிக் குடுக்கணும்ல" என்றாளாம் இவள். வாசலில் கொஞ்சம் செருகினாள், விரிப்பில் கொஞ்சம் பரப்பினாள். எங்கள் வீட்டு வழக்கத்தை அம்மாவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெயில் எதையும் பொரிக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் சமைத்தால்தானே தாளிக்க! ஆனால் அக்கா தன் அடுப்பில் தாளிப்பதை நிறுத்திவிட்டாள். பொரித்த மீன் இல்லாமல் சோறு இறங்காதவள், எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை வெறும் ரசமும் மோரும் குடித்தாள். "ரெண்டு தகரம்தானட்டி நடுவுல, வாசம் வந்துரும்லா" என்றாள். ராஞ்சிக்காரர்கள் முணுமுணுத்தபடி தாளிக்காத பருப்பைத் தின்றார்கள்.

பகலெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பொழுது சாயும்போது எழுந்துவிடுவாள்.

"ராத்திரி மட்டும் இருங்கக்கா. பயமா இருக்கு."

முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். "வேண்டாம்ட்டி. நானும் இன்னொரு ஆளும் ஒரு கூரைக்கு அடியில படுக்கது நல்லதுக்கில்ல."

"அதெல்லாம் உங்க நெனப்புக்கா."

"இருந்துட்டுப் போவட்டும். ஒன்னைய வச்சுச் சோதிச்சுப் பாக்கவா?"

போய்விட்டாள். விடிந்ததும் விடியாததுமாகத் தகரத்தைத் தட்டி, "ஏட்டி, இருக்கியா?" என்று கேட்பாள். "இருக்கேன்க்கா" என்று நான் சொன்ன பிறகுதான் தன் அடுப்பைப் பற்றவைப்பாள்.

அவளிடம் நான் சண்டை போட்டதும் உண்டு. கடல் கொந்தளித்து, கப்பல் ஆளை ஏற்றாமலே திரும்பிப் போய்விட்ட ஒரு நாள். ஜெட்டியில் ஏகப்பட்ட கூட்டம், மூட்டை, நோயாளிகள். என்னிடம் டிக்கெட்டைக் காட்டிக் கத்துகிறார்கள். கடலிடம் யாரும் கத்தவில்லை. அக்கா இரண்டு பெரிய பாத்திரத்தில் கிச்சடி கிண்டிக்கொண்டு வந்து அத்தனை பேருக்கும் போட்டாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "தீதீ, உங்க ரூம்ல ஒரு ஓரமா படுத்துக்கிறேன்" என்று இந்தியில் கெஞ்சினாள். அக்கா அந்தக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே அவளைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நடத்திக்கொண்டு போனாள். தன் பாயையும் போர்வையையும் அவளுக்கே கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அன்றைக்கு அவள் வெறுந்தரையில் படுத்தாள்.

"பாய குடுப்பீங்க, எடத்தக் குடுக்க மாட்டீங்க. இது என்னக்கா நியாயம்?" என்றேன்.

"நியாயம் எனக்குத் தெரியாது" என்றாள். அன்று எனக்குச் சோறு போடும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு ஏக்கம் இருந்தது, மறைப்பானேன். ஒரே ஒரு நாள், என் செருப்பை அவள் தொடாமல் விட்டுவிட மாட்டாளா, "இருந்துட்டுப் போட்டி" என்று சொல்லிவிட மாட்டாளா என்று. இன்றைக்கு நான் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். ஹட் பே கப்பல் வந்து ஆட்கள் இறங்கும் நேரத்தில் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்ப்பது இன்னும் நிற்கவில்லை. ஷெல்டர்களைப் பிரித்த பிறகு அவள் தம்பியோடு மெயின்லேண்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். போன் நம்பர் மாறிவிட்டது. எனக்கு இப்போது சிமெண்ட் வீடு, நாலு பக்கமும் அக்கம்பக்கம் இருக்கிறது. வருகிறவர்கள் போன் பண்ணிக் கேட்டுவிட்டு வருகிறார்கள், டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். நான் சாப்பிட்டேனா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க யாரும் இல்லை.

தாதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு அவர் அக்கா முகத்தில் விழிக்கவில்லை. வாரம் ஒருமுறை காய்கறி கொண்டுவருவார். எங்கள் வரிசையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு பஜாருக்குப் போவார். ஜீப் சத்தம் கேட்டால் அக்கா வாசலுக்கு வருவாள், வந்து நிற்பாள், உள்ளே போய்விடுவாள். நான் வருவதற்கு முந்தைய கிறிஸ்துமஸில் டிபன் கேரியரில் கேக்கும் பலகாரமும் வைத்து ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கேரியர் கழுவித் துடைத்துக் காலியாகத் திரும்பி வந்தது. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புகிற பழக்கம் பெங்காலிகளுக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. அக்கா அதை வாங்கி அப்படியே அடுக்கில் கவிழ்த்து வைத்தாளாம்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு, நான் பார்க்க, மறுபடியும் அனுப்பினாள். நான் வேண்டாமென்றேன். கேட்கவில்லை. இந்தத் தடவை மேல் அடுக்கில் பிஞ்சுக் கத்தரிக்காய் நாலைந்து வந்தது. அக்கா அதைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "கத்திரிக்கா போட்டிருக்காவட்டி" என்று வரிசை முழுக்கப் போய்ச் சொன்னாள். குழம்பு வைத்து வீட்டுக்கு ஒரு கரண்டி கொடுத்தாள். ஆளுக்கு ஒரு துண்டுகூட வரவில்லை, அதையும் சப்புக்கொட்டிக்கொண்டு தின்றோம்.

அதற்கடுத்த கிறிஸ்துமஸ். அன்று கேரியரை எடுத்துக்கொண்டு அவள் ஜீப்புக்குக் காத்திருந்தபோது, ஜீப்பிலிருந்து தாதாவே இறங்கினார். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு காய்கறிப் பை. அந்தச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. "கிறிஸ்துமஸ் ஹை, கானா நஹி தேகா?" என்றார். கிறிஸ்துமஸ் ஆயிற்றே, சோறு கிடையாதா என்று. அக்கா கையிலிருந்த கேரியரை அங்கேயே திறக்க ஆரம்பித்துவிட்டாள். நான்தான் பாய் விரித்தேன்.

அன்றைக்கு ஜெபம் வெகு நீளம். பாதியில் அக்கா நிறுத்திவிட்டாள். மீதியைத் தெலுங்கு மீன்காரர் முடித்தார். அவர் குரலை நாங்கள் கேட்பது அதுதான் முதல் தடவை. தாதா இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கோழி நன்றாயிருக்கிறது என்றார். அவர் மனைவியைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

பொழுது இறங்கியது. கீழே கடைசி ஜீப் ஹாரன் அடித்தது. அக்கா விருட்டென்று எழுந்து போய்த் தாதாவின் செருப்பைத் திருப்பி வைத்தாள். அவளையும் மீறி அது நடந்துவிட்டது. தாதா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பைப் பார்த்தார். நின்றார்.

"ஆஜ் இதர் ஹி ருகேகா, தீதீ" என்றார். இன்று இங்கேயேதான் தங்கப் போகிறேன்.

"வேண்டாம் தாதா. ஜீப் போயிரும். மாடு..."

"மாட்டைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டுத்தான் வந்தேன்."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா!" அக்கா தமிழில் கத்தினாள். "ஒரு தடவ செருப்ப ஒளிச்சு வச்சு நான் பண்ணுன பாவம் போதாதா? நீங்களாவது வீடு போய்ச் சேருங்க!"

நான் அதை இந்தியில் சொல்லப் போனேன். தாதா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். இத்தனை வருஷம் ஒரே ஊரில் இருந்தவருக்கு அவ்வளவு தமிழ் புரியாதா? அவர் இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "தீதீ, நீங்கள் கோழிக்கூட்டில் வைத்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். என் காதில் சொல்லிச் சிரித்தாள். நீ போ, நான் செருப்பைத் தேடுகிற மாதிரி நடிக்க வேண்டும், ஜீப் போன பிறகு கண்டுபிடிக்கிறேன் என்றாள். வருஷம் பூராவும் மாடும் தோட்டமும் நானும்தான் அவளுக்கு. உங்கள் வீட்டில் தங்குகிற ஒரு ராத்திரிக்காகத்தான் கிறிஸ்துமஸ் எப்போது எப்போது என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இதை உங்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை."

அக்கா தகரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுததைப் போல் நான் யாரும் அழுது பார்த்ததில்லை. ஜீப் இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. தாதா அங்கேயே நின்றார். வெகுநேரம் கழித்து அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "பாய் ஒண்ணுதான் இருக்கு. ஒம் பாயக் கொண்டாட்டி" என்றாள். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தேன். தாதாவை அறைக்குள் படுக்கச் சொன்னாள். மீதிப் பேரை வழக்கம்போல் விரட்டினாள், என்னையும்தான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை எங்கள் வரிசையில் யாருக்கும் நிம்மதி கிடையாது. கை வேலை பார்க்கும், ஆனால் கண் கடல்மேல் இருக்கும். அன்று நான் முகம்கூடக் கழுவாமல் அக்கா அறைக்கு ஓடினேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நேற்றைய புடவை, அவிழ்ந்த கொண்டை, சிவந்த கண். இமை மூடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. முட்டியைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிலம் ஆடிய நேரம் வந்து போயிற்று. தண்ணீர் ஏறிய நேரமும் வந்து போயிற்று. வெயில் தகரத்தில் சுட ஆரம்பித்தது. கடல் அதன்பாட்டுக்குக் கிடந்தது.

உள்ளே சத்தமே இல்லை. எனக்குத் திக்கென்றது. "அக்கா, தாதா எங்க?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன்.

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். உள்ளே இருந்து ஒரு குறட்டை கிளம்பித் தகரத்தை அதிரவைத்தது.

"மெதுவா பேசுட்டி" என்றாள் அக்கா. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "தூங்குதாவ."